பட்டியலில் ஐந்தாவது பெயர்

"இதயும் ஒருக்கா திருப்பிச் செய்ங்க, நிரஞ்சனி."

டீமுக்குப் பொறுப்பான நஸீப் சேர் அவள் எழுதிய சோதனை அறிக்கையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். இது மூன்றாவது தடவை. ‘நல்லா இருக்கு’ என்று ஒரு வார்த்தை சொன்னால் மனுஷருக்கு வாய் வலிக்குமா என்ன?

புசல்லாவையிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்த கால்கள் இன்னும் கடுத்தன. நிரஞ்சனி பெருமூச்சோடு கதிரையை இழுத்துப் போட்டாள்.

கண்டி டவுனில் ஒரு மாடியில் இருக்கிற சின்ன சொஃப்ட்வெயர் கம்பனி அது. அங்கே செய்த புதுக் கருவியை எப்படிப் பயன்படுத்துவது என்று பாவனைக் குறிப்பு எழுதி, சோதித்து, மார்க் போடுவது அவள் வேலை. கருவி செய்வது ஒன்றே ஒன்றுதான். சொன்ன வேலையைத் தானாகச் செய்கிற ஏ.ஐ. ஏஜென்ட் கேட்டால், ஒரு ஃபோல்டரில் என்னென்ன ஃபைல் இருக்கிறது என்று பட்டியல் காட்டும். பெயர், திகதி, சேமித்தவர் யார், அவ்வளவுதான். எதையும் திறக்காது, திருத்தாது, அழிக்காது.

கருவியில் ஒரு கோளாறும் இல்லை. ஏஜென்ட்டுக்குத்தான் வாய் நீளம். ‘வாடிக்கையாளர் புகார்’ என்று பட்டியலில் ஒரு பெயரைக் கண்டதும், அவர் கொதித்துப்போயிருக்கிறார், நம்மை விட்டே போகப்போகிறார் என்று கதை அளந்தது. ஃபைலைத் திறந்தால் உள்ளே ஒரே வரி: ‘இந்த மாதம் புகார் இல்லை.’

நிரஞ்சனி அறிக்கையில் ஏஜென்ட்டுக்குப் பென்சிலால் சைபர் மார்க் போட்டாள். குறிப்பில் தடித்த எழுத்தில் ஒரு வரி சேர்த்தாள்: ‘பெயரைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்லக் கூடாது. தெரியாவிட்டால் கேட்க வேண்டும்.’

ஆனால் மனசு அறிக்கையில் இல்லை. வருகிற திங்கட்கிழமை அம்மாவுக்கு ஒபரேஷன். கூட இருக்க அவளை விட்டால் ஆளில்லை. இரண்டு கிழமை, அதாவது பத்து வேலை நாள், லீவு கேட்டு எட்டு நாளாயிற்று. "பார்ப்போம்" என்றதோடு நஸீப் சேர் வாயை மூடிக்கொண்டார்.

மத்தியானம் கடைசிச் சோதனையாக, டீமின் பொது ஃபோல்டரைப் பட்டியல் போடச் சொன்னாள். ஐந்தாவது பெயரில் அவள் கண் நின்றுவிட்டது.

‘நிரஞ்சனிக்குப் பதில் ஆள்.’ சேமித்தவர்: நஸீப்.

அடப்பாவி மனுஷா! லீவு கேட்டவளை வீட்டுக்கே அனுப்பப் பார்க்கிறாரா? திறந்து பார்க்க என்ன இருக்கிறது, பெயரே சொல்லுகிறதே!

அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அவர் தள்ளிவிடுவதற்கு முன் நாமே போய்விடுவோம் என்று நாலே வரியில் ராஜினாமாக் கடிதம் அடித்தாள். பிரின்ட் எடுப்பதெல்லாம் அந்தப் பொது ஃபோல்டரிலிருந்துதான். ‘நிரஞ்சனி ராஜினாமா’ என்று பெயர் கொடுத்து அங்கேயே போட்டாள்.

பிரின்டர் பக்கம் எழுந்து போவதற்குள் நஸீப் சேர் வந்து நின்றார். கையில் ஆறிப்போன பிளேன்டீ.

"ஒங்கட சோதனைய நானும் ஒருக்கா ஓட்டிப் பாத்தேன். பட்டியல்ல ஒங்கட பேர்ல ஒரு ராஜினாமா ஈக்கி."

அவர் பிளேன்டீயை மேசையில் வைத்தார்.

"நான் தொறக்கல்ல. பேர மட்டுந்தான் பாத்தேன். உள்ளுக்கு என்னண்டு நீங்கதானே சொல்லணும்?"

"சொல்றதுக்கு என்னா இருக்கு, சேர்? எனக்குப் பதிலா ஆள் பாத்துட்டீங்கல்ல?"

நஸீப் சேர் விழித்தார். பிறகு குனிந்து அவள் கணினியிலேயே அந்த ஐந்தாவது ஃபைலைத் திறந்தார்.

இரண்டு கிழமைக்கான அட்டவணை. நிரஞ்சனியின் வேலையை எந்த நாள் யார் பார்ப்பது என்று போட்டிருந்தது. பத்து நாளுக்கும் ஒரே பெயர்தான்: நஸீப்.

"லீவு தர ஏலாண்டுதான் மேல சொன்னாங்க. வேல நிக்காதுண்டு காட்ட இதப் போட்டேன். ஒங்கட அறிக்கையில ஒரு குற கண்டாலும் அதச் சாட்டி மறுத்துடுவாங்க. அதுதான் மூணு தரம் செய்யச் சொன்ன." சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்து நீட்டினார். "இப்பத்தான் கையெழுத்துக் கெடச்ச. அம்மாவப் போய்ப் பாருங்க."

அவர் போய்விட்டார். அவள் லீவுக் கடிதத்தை மேசையில் விரித்து வைத்தாள். வெட்கமாக இருந்தது, தாங்க முடியாத வெட்கம். ராஜினாமாவை அழித்துவிட்டு, மேசையில் கிடந்த அறிக்கையைப் புரட்டினாள். உள்ளே பார்க்காமல் கதை அளந்த ஏஜென்ட்டுக்கு அவள் போட்ட சைபர் அங்கே இருந்தது.

பென்சிலை எடுத்து, அதற்குக் கீழே இன்னொரு வரி எழுதினாள்: ‘நிரஞ்சனி - சைபர்.’