குறி வெட்டிய புடவைகள்

பழைய உடுப்புகளை விற்று, அவற்றின் கதைகளைப் புத்தகமாக எழுதிப் பேர் வாங்கியவள் எவாஞ்சலின். ஒரு புடவை கைக்கு வந்ததும், ஓரத்தில் சலவைக்காரர் மையால் இட்ட குறியை வெட்டி எறிந்துவிடுவாள். குறி போய்விட்டால் அதற்குச் சொந்தக்காரி கிடையாது. எந்தக் கதையும் எழுதலாம்.

மழை மதியமொன்றில் நனைந்த சட்டையோடு ஒருவர் வந்தார். இறந்துபோன மனைவியின் நீலப் புடவையை மருமகள் தெரியாமல் இங்கே விற்றுவிட்டாளாம்.

"ஓரத்துல மூணு புள்ளி இருக்கும்மா."

எவாஞ்சலின் நீலப் புடவைகளையெல்லாம் மேசையில் விரித்தாள். அவர் ஒவ்வொரு ஓரமாகத் தடவினார். எல்லாமே வெட்டி மடித்துத் தைக்கப்பட்டிருந்தன.

"பார்த்தா அடையாளம் தெரியலையாங்க?"

"அவ கட்டியிருந்தப்ப நான் எங்கம்மா பாத்தேன்?"

பிறகு அவளுடைய புத்தகத்தைக் காட்டிக் கேட்டார். "ஒவ்வொண்ணுக்கும் கதை எழுதியிருக்கீங்களாமே. இதுல அழுதவ கட்டினது எது? அதைக் குடுங்க, போதும்."

எவாஞ்சலின் பக்கங்களைப் புரட்டினாள். சோகமான புடவையை யாரும் வாங்கமாட்டார்கள் என்பதால், அவள் எழுதிய பெண்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கடைசிப் பக்கம் வந்தது. அவர் ஈரக் கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு காத்திருந்தார். அவள் மறுபடியும் முதல் பக்கத்திலிருந்து புரட்டத் தொடங்கினாள்.