குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாய்

பரணிதரன் சார் குதிரைக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினார்.

டீ டம்ளரை எடுக்கப் போன என் கை அப்படியே நின்றுவிட்டது.

ஆயுதபூஜைக்கு எங்கள் கம்பெனியில் வருஷா வருஷம் போட்டி வைப்பார்கள். கேன்டீனில் செஸ் இறுதி ஆட்டம். எதிரே, ஆள் எடுப்பதும் நிறுத்துவதும் பார்க்கிற ஹெச்.ஆர். ஆபீசர். இந்தப் பக்கம் கான்ட்ராக்ட் தொழிலாளி நான்.

எங்கள் கம்பெனி இருக்கிற தேர்வாய் கண்டிகையில் அந்தச் சிப்பாயை முதலில் தொடுகிறவன் எனக்குத் தெரிந்து ஒரே ஆள்தான். சாம்சன்.

போர்டின் நடுவை எதிராளிக்கே விட்டுக்கொடுப்பான். நாமும் சந்தோஷமாகப் போய் உட்காருவோம். பிறகு ஓரத்தில் பதுங்கியிருந்த மந்திரி குறுக்கே பாய்ந்து நம் கதையை முடிக்கும். ஆட்டமே இப்படி என்றால் ஆள் எப்படி இருப்பான்?

இரண்டு மாதம் முன்பு, யூனியன் ஆரம்பிப்பதைப் பற்றிப் பேச நாலு பேர் கவரைப்பேட்டை டீக்கடையில் கூடினோம். நான், சாம்சன், ஸ்டீபன், கலியன். சும்மா கூடினால் யாராவது மோப்பம் பிடிப்பார்கள் என்று செஸ் போர்டை விரித்துக்கொண்டோம். சாம்சனும் ஸ்டீபனும் ஆடினார்கள். யார் யாரிடம் கையெழுத்து வாங்கலாம் என்று கலியன் பக்கத்தில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தான்.

சாம்சன் பன்னிரண்டே நகர்த்தலில் ஸ்டீபனைச் சாய்த்தான். அந்த ஆட்டத்தைச் செல்போனில் எடுத்து, நாலு துண்டாக வாட்ஸ்அப்பில் ஸ்டேட்டஸ் வைத்தேன். யார் முகமும் அதில் தெரியாது. போர்டும் கைகளும் மட்டும்தான்.

நான் வீடு போய்ச் சேரக்கூட இல்லை, சாம்சனிடமிருந்து போன்.

“அந்த வீடியோவ எடுத்துடு குணா. இன்னாத்துக்கு வீண் பேஜாரு.”

பயந்தாங்கொள்ளி என்று சிரித்தேன். எடுக்கவில்லை.

திங்கட்கிழமை கலியனின் கார்டுக்குக் கேட் திறக்கவில்லை. காரணம் யாரும் சொல்லவில்லை. எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாத விஷயம் ஆபீசுக்கு எப்படிப் போனது?

அப்போதுதான் அந்த போன் எனக்கு உறைத்தது. கை தெரிந்ததற்கே இப்படிப் பதறுகிறவன் எதையோ மறைக்கிறான்.

ஸ்டீபனிடம் சொன்னேன். ஆதாரம் எங்கே என்று கேட்டான். கேட்டானே தவிர, அன்றிலிருந்து அவனும் சாம்சனோடு உட்கார்ந்து சாப்பிடுவதில்லை. மற்றவர்களும் நகர்ந்துகொண்டார்கள். கலியன் இரண்டு பெண் பிள்ளைகளை வைத்துக்கொண்டு தினக்கூலிக்கு அலைகிறான். நேற்றுகூட அவனுக்கு போன் செய்து, காட்டிக்கொடுத்தது சாம்சன்தான் என்று என் பிள்ளை மேல் சத்தியம் செய்தேன்.

இதோ ஆதாரம்.

நான் நடுச் சிப்பாயைத் தள்ளினேன். சிப்பாய் காலி செய்த கட்டத்தில் மந்திரியைக் கொண்டுவந்து வைத்தார் சார். அச்சு அசல் சாம்சன். இரண்டு பேரும் எங்கேயோ உட்கார்ந்து ஆடிப் பழகியிருக்கிறார்கள். கலியன் பேரும் அங்கேதான் போயிருக்கும்.

வேடிக்கை பார்க்கிற கூட்டத்துக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறான் பாவி. என்ன நெஞ்சழுத்தம்.

ஸ்டீபனுக்குக் கண்ணைக் காட்டினேன். போர்டைப் பார்த்ததும் அவன் முகம் கறுத்துப்போனது. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாம்சன் பக்கம் நகர்ந்தான்.

சார் வாயாலேயே வரட்டும் என்று நினைத்தேன். எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, இந்த ஆட்டத்தை உங்களுக்கு யார் சார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன்.

அவர் சிரித்தார்.

“யாருமில்ல, உன் ஸ்டேட்டஸ்தான். நாலு வீடியோவும் சவுண்டு வச்சுப் பாத்தேன்.”

சவுண்டு. கலியன் குரல்.

லீவு வேண்டுமென்றால் வாட்ஸ்அப்பில் கேட்கச் சொல்வார். அதற்காக அவர் நம்பரைப் பதிந்து வைத்திருந்தேன்.

ஸ்டீபன் பாதி வழியில் நின்றுவிட்டான். இப்போது அவன் சாம்சனைப் பார்க்கவில்லை.

நான்தான் சாம்சனைப் பார்த்தேன். அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.