இடம் மாறிய பொந்து

சிறிய கடல்மீன் தொட்டியில் இருந்த ஒரே பாறைப் பொந்து நீலமீனுடையது. புதிதாக எந்த மீன் வந்தாலும் அது கடித்தே கொன்றுவிடும். தன் இடம் எதுவென்று அதற்குக் குழம்பினால் சண்டை வராது என்று எண்ணி, மீன் வளர்க்கும் அம்மாள் பாறைகளை மாற்றி அடுக்கிவிட்டு, ஒரு கோமாளி மீனை உள்ளே விட்டாள்.

நீலமீன் சுற்றிச் சுற்றி வந்தது. "தம்பி, இங்க என் வீடு இருந்துச்சே, பாத்தியா?"

"நான் இப்பத்தான் வந்தேன் அண்ணே. என்னைக் கடிக்க மாட்டீங்கல்ல?"

"வீடு கிடைக்கட்டும், அப்புறம் கடிக்கிறேன்."

"சரிண்ணே, நானும் கூடத் தேடுறேன்."

பொந்தை முதலில் கண்டது கோமாளி மீன்தான். அதன் வாசல் இப்போது வேறு திசையில் இருந்தது.

"இங்க இல்லண்ணே. அந்தப் பக்கம் பார்ப்போம்."

நீலமீனும் பொந்தைப் பார்த்தது. தன்னுடையதுதானா என்று அதற்குத் தெரியவில்லை.

"ஆமா, அந்தப் பக்கமாத்தான் இருக்கும். நீ என் கூடவே வா" என்றது.