அண்டை நாட்டை முந்திய கணக்கு

டைப்பிஸ்ட் பெண்ணுக்கு வயிறு எரிந்தது. நேற்று வரைக்கும் அக்கா அக்கா என்று வாய் நிறையக் கூப்பிட்ட புள்ளிவிவர அதிகாரியை இன்று ஏறிட்டுப் பார்க்கவே பிடிக்கவில்லை.

எல்லாம் அந்த அறிக்கையால் வந்த வினை.

நம் நாடும் சின்னது, அண்டை நாடும் சின்னது. காலையில் ஒரு எல்லையில் காரைக் கிளப்பினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு மறு எல்லைக்குப் போய்விடலாம். கல்லூரிப் படிப்புக்கு எந்த அரசு அதிகம் செலவழிக்கிறது என்று ஒப்பிட வேண்டும். முதலில் அடித்த பக்கத்தில் அண்டை நாடு நம்மைவிட ஒன்றரை மடங்கு செலவழித்திருந்தது.

அதைப் பார்த்து டைப்பிஸ்டுக்கு ஒரே சந்தோஷம். மானம் போகிறதே என்றாவது, போன வருஷம் இழுத்து மூடிய மாலைக் கல்லூரிகளைத் திறந்து தொலைப்பார்கள் அல்லவா? அவள் தங்கை பகலெல்லாம் துணிக்கடையில் கால் கடுக்க நின்றுவிட்டு, சாயங்காலம் ஓடி ஓடிப் படித்தவள். இப்போது புத்தகத்தைத் தொடுவதே இல்லை.

அதிகாரி அந்தப் பக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மொத்தச் செலவைக் கடைசிப் பக்கத்துக்குத் தள்ளிவிட்டு, ஒரு மாணவருக்கு எவ்வளவு செலவு என்பதை முதலில் போடச் சொன்னார். அப்படிப் போட்டால் நாம் முந்தியிருந்தோம்!

“இது நியாயமா மேடம்?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டாள்.

“அடிக்கிறது உன் வேலை. அடி.”

அமைச்சர் அலுவலகத்திலிருந்து பாராட்டிப் போன் வந்தது. ஜால்ரா போடுவதற்கும் ஓர் அளவு வேண்டாமா, பதவி உயர்வு நிச்சயம் என்று கேன்டீனில் அதிகாரியின் தலையை உருட்டினார்கள்.

டைப்பிஸ்ட் முடிவு பண்ணிவிட்டாள். நாளைக்குப் பத்திரிகையாளர் கூட்டத்தில் எழுந்து நின்று எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிடுவது. வேலை போனால் போகட்டும்.

கூட்டத்தில் அமைச்சருக்கு வாயெல்லாம் பல். அண்டை நாட்டை முந்திவிட்டோம் என்று மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார். சுவரோரம் நின்ற டைப்பிஸ்ட் கையிலிருந்த பிரதிகளைக் கீழே வைத்துவிட்டு முன்னால் நகர்ந்தாள்.

அதற்குள் ஒரு நிருபர், இந்த வருஷம் பணம் கூடுதலாக ஒதுக்கினீர்களா என்று கேட்டுவிட்டார். அமைச்சருக்கு அது எங்கே தெரியும்? கணக்குப் போட்டவரே சொல்வார் என்று அதிகாரியிடம் மைக்கைத் தள்ளினார்.

“இல்லைங்க, பணம் அதேதான். மாலைக் கல்லூரிகளை மூடினதுல படிக்கிறவங்க பாதியாயிட்டாங்க. அதனால மிச்சம் இருக்கிறவங்களுக்குத் தலைக்கு அதிகமா வருது.” அதிகாரி நிதானமாகத் தொடர்ந்தார். “இன்னும் நாலு கல்லூரியை மூடிட்டா அண்டை நாடு நம்ம கிட்டயே வர முடியாது.”

அமைச்சர் முகத்தில் ஈயாடவில்லை. நிருபர்கள் விடுவார்களா? பிய்த்து எடுத்துவிட்டார்கள். அடுத்த பருவத்திலிருந்து மாலைக் கல்லூரிகள் திறக்கப்படும் என்று அதே மைக்கில் சொன்ன பிறகுதான் மனிதரால் எழுந்து போக முடிந்தது.

அறைக்குத் திரும்பியதும் டைப்பிஸ்ட் அதிகாரியின் மேஜை முன்னால் போய் நின்றாள். வெட்கமாக இருந்தது. அழுகையும் வந்தது.

“எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே அக்கா?”

“உன் மூஞ்சியே காட்டிக் கொடுத்திருக்கும். சரி சரி, கண்ணைத் துடை. என்னை எங்கேயாவது தூக்கி அடிப்பாங்க. அந்த உத்தரவையும் நீதான் டைப் பண்ணணும்.”

“எதுக்கு அக்கா இந்தச் சுத்து வழி? முதல்ல அடிச்ச பக்கத்தையே அனுப்பியிருக்கலாமே?”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“தோத்த கணக்கைக் கொடுத்தா பீரோவுல வெச்சுப் பூட்டிடுவாங்கம்மா. ஜெயிச்ச கணக்குக்குத்தான் ஊரைக் கூட்டி மைக்கைக் கொடுப்பாங்க.”