தெரிந்தால் வலது கை

முப்பத்தொரு கைகளும் ஒன்றாக மேலே போனதைப் பார்த்ததும்தான் ஆக்ஸிலியா டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கேள்வி கேட்டவர் திருமலைச்சாமி. செண்பகனூர் பள்ளிக்கூடத்தில் நன்னெறி வகுப்பு நடத்தச் சம்பளம் தருகிற டிரஸ்ட் அனுப்பிய ஆள். மூன்று வருடமாக நல்லது சொல்லிக் கொடுத்ததில் ஏழாம் வகுப்புக்கு ஏதாவது ஒட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. அவர் கையிலிருந்த தாளின் அடியில் இரண்டே கட்டங்கள். ‘தொடரலாம்’, ‘நிறுத்தலாம்’.

நிறுத்தலாம் என்று டிக் விழுந்தால், ஜூனிலிருந்து இந்த பீரியட் கணக்கு மிஸ்ஸுக்கு. ஆக்ஸிலியா பெட்டியைக் கட்டிக்கொண்டு மலையிறங்க வேண்டியதுதான்.

அதனால்தான் காலையில் பிரேயர் முடிந்த கையோடு, கதவைச் சாத்திக்கொண்டு ஒரு சின்னத் திருகுதாளம் செய்திருந்தாள்.

"பதில் தெரிஞ்சா வலது கை. தெரியலேன்னா இடது கை. ஆனா ஒருத்தர் பாக்கியில்லாம வெரசாத் தூக்கணும். அவருக்கு எல்லாம் ஒரே கைதான்."

நேர்மையைப் பாடமாக நடத்துகிறவள் செய்கிற வேலையா இது? இல்லைதான். வேலை போகப்போகிறது என்றால் யாருக்குத்தான் புத்தி நேராக ஓடுகிறது.

அதிர்ஷ்டமும் அவள் பக்கமே நின்றது. பகிர்ந்து சாப்பிடுவதைப் பற்றிக் கேட்டார். எல்லாக் கைகளும் உயர்ந்தன. அவர் கூப்பிட்டது ஒரு வலது கையை. கோபத்தைப் பற்றிக் கேட்டார், காட்டில் குப்பை போடுவதைப் பற்றிக் கேட்டார். கூப்பிட்டதெல்லாம் வலது கைகள். பிள்ளைகள் மணிமணியாகப் பதில் சொன்னார்கள்.

ஆக்ஸிலியா மனதுக்குள் மாதாவுக்கு ஒரு மெழுகுவர்த்தி நேர்ந்துகொண்டாள். அடுத்த பதிலில் அதை இரண்டாக்கினாள்.

பேனாவை மூடப் போனவர், மூடாமல் நிமிர்ந்தார்.

"கடைசியா ஒன்னு. இந்த வாரம் ஒரு பொய்கூடச் சொல்லாதவங்க யாரு? கை தூக்குங்க பாப்போம்."

முப்பத்தொரு கைகளும் விருட்டென்று உயர்ந்தன.

அத்தனையும் இடது கைகள்.

முன்வரிசையில் பெர்லின், வயிற்றுவலி என்று சொல்லித் திங்கட்கிழமை மட்டம் போட்டவள், இடது கை. பின்னால் குதிரைக்காரர் மகன் செல்வமுருகன், ‘ஏரியைச் சுத்தி நடந்தா நாலு மணி நேரம் ஆகும்’ என்று டூரிஸ்ட்டுகளை மிரட்டிக் குதிரையில் ஏற்றிவிடுகிறவன். அவன் இடது கைதான் எல்லோருடையதையும்விட உயரத்தில் இருந்தது.

ஒரு பிள்ளைகூட வலது கையைத் தூக்கித் தப்பித்துக்கொள்ளவில்லை. தூக்கியிருந்தால் யார் கேட்கப் போகிறார்கள்?

ஆக்ஸிலியாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன. மூன்று வருடப் பாடம் கண்ணெதிரே கை தூக்கி நிற்கிறது. அதை இந்த மனிதரிடம் சொல்லவும் வழியில்லை. சொன்னால் காலையில் செய்த கூத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

"டீச்சர், நீங்க?" என்றார் திருமலைச்சாமி.

வகுப்பே அவளைப் பார்த்தது. சாக்பீஸ் பிடித்திருந்த வலது கை பாதி வரை எழுந்துவிட்டது. பெர்லினின் கண்களும் அதோடு கூடவே ஏறின.

ஆக்ஸிலியா சாக்பீஸை மேசையில் வைத்தாள். இடது கையைத் தூக்கினாள். தோள் வலிக்கிற அளவுக்கு நன்றாகவே தூக்கினாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. யாரோ பெஞ்சைத் தட்ட, எல்லோரும் தட்டினார்கள். வந்தவர் முன்னால் இவ்வளவு சத்தமா என்று அதட்ட வேண்டியவளும் சேர்ந்து சிரித்தாள். வேலை போனால் போகட்டும் என்றுகூட அந்த நிமிடம் அவளுக்குத் தோன்றியது.

திருமலைச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். பிறகு மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கினார்.

"அய்யம்பாளையத்துல எங்க சாரும் இப்படித்தாங்க டீச்சர் சொல்லிக் கொடுத்தாரு. அஞ்சாப்பு முடியிற வரைக்கும் நான் இடது கைதான்."

தூக்கிய கையை இறக்காமலேயே, வலது கையால் ‘தொடரலாம்’ கட்டத்தில் டிக் போட்டார்.