லயத்து வாசலில் ஒரு விண்மீன் மண்டலம்

ஏலப்பாறைக்கு மேலே, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வாசலில் மூடுபனி விலகி வெயில் விழுகிறது. வந்திருக்கும் பத்திரிகைக்காரர் கேமராவை இறக்கி, "முதுகுல கொழுந்துச் சாக்கோட தேயிலைக்கு நடுவுல நில்லும்மா, நல்லாருக்கும்" என்கிறார். மோனிஷா கையில் விரித்திருக்கும் மடிக்கணினியை அவர் பக்கம் திருப்புகிறாள். அதன் திரையில், கோடிக்கணக்கான ஒளியாண்டுகளுக்கு அப்பால் அவளும் அவள் குழுவினரும் கண்டுபிடித்த வில்லை வடிவ விண்மீன் மண்டலம், சுருள் கைகள் ஏதுமில்லாமல், இருட்டில் கிடக்கும் பருப்பு மணி போல வெளிறி மின்னுகிறது. அவர் அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகளின் தாடை இறுகுவதைக் குருவம்மாள் பார்க்கிறாள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த மலையிலிருந்து அப்படியே ஓடி வந்தவள் குருவம்மாள். சேலையெல்லாம் ஈரம், முதுகில் பாதி நிறைந்த சாக்கு. "அம்மா, உங்க சாக்கக் குடுங்க" என்று அவர் கை நீட்டுகிறார். இருபத்தெட்டு வருசம் தோட்டத்து அதட்டலுக்குப் பழகிய அவள் விரல்கள் தாமாகவே முடிச்சை அவிழ்க்கப் போய், பாதியில் நிற்கின்றன.

"எதுக்கு சார்?"

"படிக்கிறவங்களுக்கு மனசு உருகணும்ல?"

குருவம்மாளுக்கு நெற்றி நரம்பு புடைக்கிறது. "எம்மவ முதுகுல இது ஏறக்கூடாதுன்னுதான் நான் சொமந்தேன். வந்து அரை மணி நேரமாச்சு, அவ கண்டுபிடிச்சது என்னன்னு ஒரு வார்த்த கேட்டியளா?"

அவர் கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். அவள் விறுவிறுவென்று உள்ளே போய், வீட்டிலிருக்கும் ஒரே நாற்காலியைத் தூக்கிவந்து மகளுக்கு எதிரே அறைந்து போடுகிறாள். சத்தத்தில் கோழிகள் சிதறி ஓடுகின்றன.

"ஒக்காருங்க. எம்மவ சொல்லுவா. கேட்டு முடிச்சுட்டு படம் எடுங்க."

அவர் உட்காருகிறார்.