அந்தக் காலை உடை!

கால்பந்தாட்டத்தில் விழுப்புரம் அணி மூன்றாவது கோலைப் போட்டதும் திண்டிவனத்து ஜனம் பல்லைக் கடித்தது.

"தடுத்து ஆட வேண்டிய நம்ம ஃபுல்பேக் விருத்தாசலம் ஆடுறானா, தூங்குறானா? அந்த விழுப்புரத்தான் பந்தோட வந்தா, வழிவிட்டு ஒதுங்கிக்கினே இருக்கான்!" என்று கத்தினார் சுப்பராயலு.

"ஆட்டம் முடியட்டும், இவன் எலும்பை எண்ணிடலாம்," என்ற சவுரிராயன் ஒரு கல்லைப் பொறுக்கிக்கொண்டார்.

முக்காடு போட்டு அருகில் நின்ற இளம்பெண் அவர்களைவிட உரக்கக் கத்தினாள். "ஒதைண்ணே! அந்தக் காலை ஒடைண்ணே!"

"பாருய்யா, பொம்பளைக்கு இருக்கிற ரோஷம் இவனுக்கு இல்லியே!" என்றார் சவுரிராயன்.

விழுப்புரத்தான் மறுபடி பந்தோடு பாய்ந்து வந்தான். விருத்தாசலம் மறுபடி ஒதுங்கப் போனான். அந்தப் பெண் எல்லைக் கயிற்றருகே ஓடி முக்காட்டை விலக்கினாள். விருத்தாசலம் அவள் முகத்தைப் பார்த்தான். பந்தை விட்டுவிட்டு முழங்காலைப் பார்த்து உதைத்தான்.

எலும்பு முறிந்த சத்தம் கயிறு வரை கேட்டது. விழுந்தவன் அலறினான். திண்டிவனம் விசிலடித்தது.

"சபாஷ்! நீ எந்தத் தெரும்மா?" என்று அவளிடம் வந்த சுப்பராயலு, அவளுடைய வீங்கிய கண்ணையும் கிழிந்த உதட்டையும் அப்போதுதான் பார்த்தார்.

"விழுப்புரங்க. விழுந்து கெடக்கிறது எங்க வூட்டுக்காரரு. ஒதைச்சது எங்க அண்ணன். தங்கச்சி புருஷன்மேல கால் படக் கூடாதுன்னு இம்மா நேரம் ஒதுங்கிக்கினு இருந்தாரு."

முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"அவரு கால் என்மேல படாத நாளே இல்லீங்க."